போட்டிக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவில் யூ.எஸ்.பி.எஸ்.ஏ. அமைப்பின் பிராக்டிகல் ஷூட்டிங் போட்டிகளுக்குப் போகத் தொடங்கியவர்கள் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடுவார்கள்: கடையில் வாங்கும் தோட்டா போதுமா, வீட்டில் நாமே நிரப்பிக்கொள்ளலாமா? பெரும்பாலானோர் விலையில் கணக்கைத் தொடங்குகிறார்கள். புள்ளியில் தொடங்குவது நல்லது.

ஒரு ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், எடுத்த புள்ளிகளை நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். 20 நொடியில் 100 புள்ளி என்றால் 5. நடுவில் ஒரு தோட்டா வெடிக்காமல் மக்கர் செய்து, ஸ்லைடை இழுத்து அதை வெளியே தள்ள 3 நொடி போனால் 4.35. எட்டில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. இலக்கு அட்டையின் நடுவிலுள்ள ஏ பகுதியோ ஏறக்குறைய 15 செ.மீ. அகலமும் 28 செ.மீ. உயரமும் கொண்டது, அதையும் பெரும்பாலும் கிட்டத்திலிருந்துதான் சுடுகிறோம். ஆகவே நூலிழைத் துல்லியத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தோட்டா தடையின்றி உள்ளே போக வேண்டும், வெடிக்க வேண்டும், உறை வெளியே விழ வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

அடுத்தது பவர் ஃபேக்டர். குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (நொடிக்கு அடி) பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். மதிப்பெண் முறை இரண்டு: மைனருக்குக் குறைந்தது 125, மேஜருக்கு 165. பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாக்களை எடுத்து குரோனோகிராஃப் என்ற வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள். 125ஐத் தொடாவிட்டால் அந்தப் போட்டியில் உங்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அதனால் 130ஐ ஒட்டி வைத்துக்கொள்வதுதான் விவரம் தெரிந்தவர்கள் வழக்கம். சில பவுடர்களில் குளிரில் குண்டின் வேகம் குறையும். 115 கிரெய்ன் குண்டு 1150 அடி வேகத்தில் போனாலும், 147 கிரெய்ன் குண்டு 900 அடியில் போனாலும் கணக்கு ஏறக்குறைய 132தான். கையில் தெரியும் உதைப்பு மட்டும் வேறு. கனமான குண்டு மெதுவாகத் தள்ளும். இலேசானது சுள்ளென்று அடிக்கும்.

புதியவருக்கு என் பதில்: கடைத் தோட்டாவே வாங்குங்கள். 9 எம்.எம்.மில் புரொடக்‌ஷன் பிரிவில் சுடுபவருக்கு எப்படியும் மைனர் மதிப்பெண்தான். பெட்டியில் அச்சிட்ட வேகத்தை மட்டும் நம்ப வேண்டாம்; அது தொழிற்சாலையின் சோதனைக் குழலில் வந்தது, உங்கள் துப்பாக்கியில் குறையலாம். இன்னொன்று, ட்ரிகர் இலேசாக வேண்டுமென்று ஹாமர் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால், பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) கெட்டியான மலிவுத் தோட்டாக்கள் சில வெடிக்காது. ஃபெடரல் பிரைமர் மென்மையானது என்று போட்டியாளர்கள் தேடிப்போவது இதற்காகத்தான். ஒத்துவரும் ரகம் கிடைத்துவிட்டால் ஒரே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்கி வையுங்கள்.

பழைய உறையில் வேறு யாரோ மறுபடி நிரப்பி விற்கும் தோட்டாவும் சந்தையில் உண்டு. விலை நடுவில். எத்தனை தடவை சுட்ட உறை, யார் சரிபார்த்தது என்று உங்களுக்குத் தெரியாது. பயிற்சிக்கு வேண்டுமானால் பார்க்கலாம். போட்டிக்கு நான் எடுக்க மாட்டேன்.

வாராவாரம் சுடத் தொடங்கிய பிறகு ரீலோடிங்குக்கு, அதாவது வீட்டில் நாமே நிரப்புவதற்கு, அர்த்தம் வருகிறது. லிமிடெட் பிரிவில் .40இல் மேஜர் சுடுபவர்களிலும் ஓப்பன் பிரிவினரிலும் பலர் இதைத்தான் நாடுகிறார்கள். காசு மிச்சமாகும் என்பார்கள். ஆகாது, மிச்சத்தையும் சேர்த்துச் சுட்டுத் தீர்ப்பார்கள். 2020இல் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது நிரப்பும் மெஷின் வைத்திருந்தவர்களும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றார்கள். உண்மையான லாபம், உங்கள் துப்பாக்கிக்கும் கைக்கும் ஏற்றபடி உதைப்பை அமைத்துக்கொள்ளலாம் என்பதே.

மெஷின் வாங்கும்போது டில்லன் நிறுவனத்தின் 550, 750 இரண்டுக்கும் இடையில் பலர் தடுமாறுவார்கள். 550இல் உறைகள் நிற்கும் தட்டை ஒவ்வொரு முறையும் கையால் திருப்ப வேண்டும். பேச்சுவாக்கில் திருப்ப மறந்தால் ஒரே உறையில் இரட்டைப் பவுடர் விழும், துப்பாக்கியே வெடிக்கலாம். 750இல் தட்டு தானாகத் திரும்பும், பவுடர் அளவைச் சரிபார்க்கும் டை என்ற கருவி வைக்கவும் இடமுண்டு. நிறைய நிரப்புபவருக்கு 750. எதை வாங்கினாலும், அளந்து போட்டாலே உறையில் பாதிக்கு மேல் நிற்கும் பவுடராகப் பாருங்கள். இரட்டிப்பாக விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கும். அளவை அச்சிட்ட லோட் புத்தகத்திலிருந்து எடுத்து, குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். நண்பர் சொன்னார் என்று போடாதீர்கள்.

பவுடரே விழாமல் போவது மறுபக்க ஆபத்து. பிரைமர் மட்டும் வெடித்து குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சத்தம் சப்பென்று இருக்கும். போட்டியை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆஃபீஸர் உடனே நிறுத்தச் சொல்வார். நிறுத்திவிடுங்கள். அடுத்த குண்டு போனால் குழல் கிழியலாம்.

போட்டிக்கு முந்தைய இரவு 100 துளை கொண்ட கேஜில் (அளவு பார்க்கும் கட்டையில்) தோட்டாக்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். முழுதாக இறங்காமல் தலைதூக்கி நிற்பதைப் பயிற்சி டப்பாவில் போடுங்கள். பிறகு வரிசையின் மேல் விரலை ஓட்டுங்கள். பிரைமர் சரியாக உட்காராத தோட்டா விரலில் இடறும். வெடிக்காமல் போகும் வீட்டுத் தோட்டாக்களில் பலவற்றின் கோளாறு இதுதான். அதைப் போட்டிக்கும் வேண்டாம், பயிற்சிக்கும் வேண்டாம், தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.