26, 27, 28: ஓர் எண் கூடினால் என்ன ஆகும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி தனிமங்களின் பெயரையும் எண்ணையும் உரக்க ஒப்பித்துக் கொண்டிருந்தாள். "இரும்பு 26, கோபால்ட் 27, நிக்கல் 28..." என்று வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, "தாத்தா, ஒன்று கூடினால் வேறு பொருளாகவே ஆகிவிடுமா? அப்படி என்ன அந்த ஒன்றில் இருக்கிறது?" என்று கேட்டாள்.

ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன் நான். இரும்பைத் தெரியும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் அவள் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. டிப்ளமோ படிப்பில் படித்ததையெல்லாம் மறுபடி புரட்டிப் பார்த்து அவளுக்குச் சொன்னதை, நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். பெரியவர்களும் படிக்கலாம். ஏன் என்பது கட்டுரையின் பின்பகுதியில் தெரியும்.

மிளகும் ஐந்து ரயில் பெட்டிகளும்

எந்தப் பொருளையும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் அணு வரும். அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் இரண்டு வகைத் துகள்கள்: நேர்மின்னூட்டம் உள்ள புரோட்டான், மின்னூட்டம் இல்லாத நியூட்ரான். அணுக்கருவுக்கு வெளியே எதிர்மின்னூட்டம் உள்ள எலக்ட்ரான்கள். ஒரு முழு அணுவில் எத்தனை புரோட்டான் உண்டோ அத்தனை எலக்ட்ரானும் இருக்கும். கூட்டிக் கழித்தால் மின்னூட்டம் பூஜ்யம்.

இதைக் கண்டுபிடிக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். 1911-ல் ரூதர்போர்டு அணுக்கரு என்று ஒன்று உண்டென்று சொன்னார். 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார்.

படத்தில் அணுக்கருவைப் பெரிய உருண்டையாக வரைந்திருப்பார்கள். அது வசதிக்காக. உண்மை அளவு வேறு. இரும்பு அணுவின் கருவை ஒரு மிளகாக வைத்துக்கொண்டால், முழு அணுவின் குறுக்களவு சுமார் 120 மீட்டர் வரும். அதாவது ஐந்து ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்திய நீளம். நடுவில் ஒரே ஒரு மிளகு. மற்ற இடம் முழுவதும் எலக்ட்ரான்களின் ஆட்சி. ஆனால் எடையில் நூற்றுக்கு 99.9 பங்குக்கு மேல் அந்த மிளகுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

பெயர் வைப்பது யார்?

ஒரு தனிமத்துக்குப் பெயர் கொடுப்பது புரோட்டானின் எண்ணிக்கை. இதைத்தான் அணு எண் என்கிறோம். 26 புரோட்டான் இருந்தால் அது இரும்பு. 27 என்றால் கோபால்ட். 28 என்றால் நிக்கல். இதில் விதிவிலக்கே கிடையாது.

இந்த முடிவுக்கு வருவதற்கும் இதே மூன்று தனிமங்கள்தான் உதவின என்பது சுவையான செய்தி. 1869-ல் மெண்டலீப் தனிமங்களை அணு எடைப்படி வரிசைப்படுத்தினார். ஆனால் எடையைப் பார்த்தால் கோபால்ட் 58.93, நிக்கல் 58.69. நிக்கல்தான் முதலில் வரவேண்டும். குணத்தைப் பார்த்தால் கோபால்ட் முதலில் வரவேண்டும். எது சரி?

1913-ல் மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர் ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து பார்த்தார். அளவுகள் ஏணிப்படி போல ஒவ்வொரு படியாக ஏறின. அந்தப் படியின் எண் அணுக்கருவின் மின்னூட்டம். கோபால்ட் 27-ஆம் படி, நிக்கல் 28-ஆம் படி. வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, இந்த எண்ணே என்று தெளிவாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1915-ல், மோஸ்லி முதல் உலகப்போரில் கலிப்போலியில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 27.

வேலை செய்வது யார்?

பெயர் அணுக்கருவுடையது. ஆனால் துருப்பிடிப்பது, எரிவது, கரைவது போன்ற வேதிவேலைகள் எல்லாம் வெளியே உள்ள எலக்ட்ரான்களுடையவை. அவை அடுக்கடுக்காக இருக்கின்றன. இரும்பில் 2, 8, 14, 2. கோபால்டில் 2, 8, 15, 2. நிக்கலில் 2, 8, 16, 2. கடைசி அடுக்கில் மூன்றுக்கும் இரண்டே இரண்டுதான். அதனால்தான் மூன்றும் அண்ணன் தம்பிகள் போல இருக்கின்றன. மூன்றும் கனமான, வெளிறிய பளபளப்புள்ள உலோகங்கள். மூன்றையும் காந்தம் இழுக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானின் வேலைக்கு எனக்குத் தெரிந்த உதாரணம் டெர்மிட் வெல்டிங். இரண்டு தண்டவாளங்களை இணைக்க இரும்பு ஆக்சைடு தூளையும் அலுமினியத் தூளையும் கலந்த 'போர்ஷனை' குருசிபிளில் கொட்டிப் பற்ற வைப்போம். இரும்பு ஆக்சைடில் ஆக்சிஜன் இரும்பின் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கிறது. அலுமினியத்தின் கடைசி அடுக்கில் மூன்று எலக்ட்ரான். அதனோடு சேர ஆக்சிஜனுக்கு இன்னும் விருப்பம் அதிகம். ஆகவே ஆக்சிஜன் இரும்பை விட்டு அலுமினியத்தோடு போய்விடுகிறது. இந்தக் கைமாற்றத்தில் வெளிப்படும் வெப்பம் சில நொடிகளில் 2,400 டிகிரியை எட்டும். உருகிய இரும்பு கீழே இறங்கி இடைவெளியை நிரப்பும், அலுமினிய ஆக்சைடு கசடாக மேலே மிதக்கும்.

முதல்முறை பார்ப்பவர்கள் பயந்து பின்வாங்குவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அத்தனை தீயிலும் இரும்பு இரும்பாகவேதான் இருந்தது. துருவாக இருந்தபோதும் 26 புரோட்டான். உருகி ஓடியபோதும் 26. கெட்டித் தண்டவாளமான பின்னும் 26. மிளகை யாரும் தொடவில்லை. வெளியே எலக்ட்ரான்கள்தான் இடம் மாறின.

நம் அடுப்பு, அமிலம், சம்மட்டி, வெல்டிங் எல்லாமே எலக்ட்ரான் மட்டத்து வேலைகள். அணுக்கருவுக்கு அவை எட்டுவதில்லை. இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் மனத்தில் நிறுத்திக்கொண்டால் அணுப் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி.

ஒரு நியூட்ரான் கூடினால்?

புரோட்டான் கூடினால் பெயர் மாறும். நியூட்ரான் கூடினால்? பெயர் மாறாது, எடை மாறும். ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வெவ்வேறு எடை வடிவங்களை ஓரிடத்தான் அல்லது ஐசோடோப் என்பார்கள். இரும்பிலேயே 54, 56, 57, 58 என்று நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. நூற்றுக்கு 90-க்கு மேல் இரும்பு 56.

இயற்கையில் கிடைக்கும் கோபால்ட் முழுவதும் கோபால்ட் 59: 27 புரோட்டான், 32 நியூட்ரான். சாதுவானது. அதை அணு உலைக்குள் வைத்தால் ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு கோபால்ட் 60 ஆகிறது. எலக்ட்ரான் அடுக்கு அதேதான், நிறமும் அதேதான், காந்தமும் இழுக்கும். ஆனால் கருவுக்குள் நிம்மதி போய்விட்டது. ஏதோ ஒரு கணத்தில் அதன் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். 27 என்பது 28 ஆகும். கோபால்ட் நிக்கலாகிவிடும்! கூடவே ஓர் எலக்ட்ரானையும் இரண்டு காமாக் கதிர்களையும் வெளியே வீசும். டெர்மிட்டில் ஓர் இரும்பு அணுவுக்குக் கிடைக்கும் ஆற்றலைப்போல் சில லட்சம் மடங்கு இந்தக் காமாக் கதிரில் உண்டு.

அடக்கி ஆண்டால் இது பெரிய உபகாரி. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், ஊசி முதலிய மருத்துவப் பொருள்களைக் கிருமிநீக்கம் செய்யவும் கோபால்ட் 60 பயன்படுகிறது. நாசிக் மாவட்டத்து லாசல்காவில் வெங்காயம் முளைவிடாமல் இருக்க இந்தக் கதிரைக் காட்டுகிறார்கள். அடக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தில்லிவாசிகளான நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம்.

மாயாபுரியில் நடந்தது

2010 ஏப்ரல் மாதம். மேற்குத் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் 1985 முதல் பயன்படுத்தப்படாமல் கிடந்த கருவி ஒன்று, அவ்வாண்டு பிப்ரவரியில் ஏலத்தில் விடப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது. உள்ளே கோபால்ட் 60 இருந்தது. தொழிலாளர்கள் வழக்கம்போல ஈயக் கவசத்தைப் பிரித்தார்கள், உள்ளிருந்ததைத் துண்டுகளாக்கினார்கள். பளபளப்பாக இருந்த ஒரு சிறு துண்டை ஒருவர் தம் பணப்பையிலேயே வைத்துக்கொண்டார். சில நாட்களில் தோல் கறுத்தது, முடி உதிர்ந்தது, வாந்தி வந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார்.

கோபால்ட் 60 பாதியாகக் குறைய 5.27 ஆண்டுகள் ஆகும். இதை அரை ஆயுள் என்பார்கள். 1985 முதல் 2010 வரை 25 ஆண்டுகள். அதாவது ஏறக்குறைய ஐந்து முறை பாதியாகியிருக்கும்: 1/2, 1/4, 1/8, 1/16, 1/32. நுட்பமாகக் கணக்கிட்டால் 1985-ல் இருந்ததில் 27-ல் ஒரு பங்கு மீதி. அந்த ஒரு பங்கே ஓர் உயிரை வாங்கிவிட்டது.

அந்தத் தொழிலாளர்களைக் குறை சொல்லலாமா? எந்தக் கபாடிவாலாவுக்கும் தெரிந்த சோதனைகள் மூன்று: கண்ணால் பார்ப்பது, காந்தம் வைப்பது, எடை போடுவது. அவை எவையும் அணுக்கருவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள், அதை ஏலத்துக்கு அனுப்பிய படித்தவர்கள்.

அப்படிப்பட்ட படித்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாலத்துக்கான கர்டர் வேலை. வெல்டிங்கைக் காமாக் கதிரால் படமெடுக்க ஓர் இளைஞன் வந்திருந்தான். பெட்டிக்குள் இரிடியம் 192. அவன் வெகுதூரம் தள்ளிக் கயிறு கட்டி, எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் வேலையை நிறுத்தச் சொன்னான். எனக்குக் கோபம். "பாதி தூரத்தில் கட்டினால் போதாதா? என் வேலை கெடுகிறதே!" என்று சத்தம் போட்டேன். அவன், "சாப், பாதி தூரம் என்றால் நாலு மடங்கு கதிர். நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் நான் கயிற்றை நகர்த்த மாட்டேன்" என்றான். நகர்த்தவும் இல்லை.

அவன் சொன்னது சரி. தூரம் இரட்டித்தால் கதிர் கால்பங்காகும், தூரம் பாதியானால் நான்கு மடங்காகும். ரயில்வேயில் நூறு விதிகளை மற்றவர்கள் மீறாமல் காத்தவன், காரணம் தெரியாத ஒரு விதியை வளைக்கப் பார்த்தேன். அந்தப் பையனின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என் ஆட்கள் பன்னிரண்டு பேர் அன்று அவனால் காப்பாற்றப்பட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மஞ்சள் பின்னணியில் கறுப்பு நிறத்தில் மூன்று விசிறி இலைகள் போட்ட சின்னத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். 2007 முதல் சிவப்பு முக்கோணத்தில் கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன் உள்ள சின்னமும் வந்திருக்கிறது. இவற்றுள் எதைப் பழைய பெட்டியில் கண்டாலும், அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உறையைக் கண்டாலும், தொடாமல், பிரிக்காமல் விலகி வந்து, மற்றவரையும் விலக்கி, 112-க்குச் சொல்ல வேண்டும். எரித்தாலும் அமிலத்தில் கரைத்தாலும் அதன் வீரியம் குறையாது. காரணம் மேலே சொன்னதுதான்: நெருப்பு எலக்ட்ரானோடு நின்றுவிடும்.

கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருக்கும் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சாமான் பட்டியலில் கையெழுத்திடும் முன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். கதிரியக்கப் பொருளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியின்றி அப்புறப்படுத்தக் கூடாது.

இன்னொன்று. காமாக் கதிர் பட்டவர் தாமே கதிர் வீசுபவராக ஆகிவிடுவதில்லை. உடம்பிலோ உடையிலோ தூசி ஒட்டியிருந்தால் அதைக் கழுவி அகற்ற வேண்டும். மற்றபடி அவரை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் பேத்தி, "அப்படியானால் அந்தப் பணப்பையில் இருந்த கோபால்ட் ஒவ்வொன்றாக நிக்கலாக மாறிக்கொண்டே இருந்ததா, தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டை எடுத்து 26, 27, 28 என்று எழுதி, 27-லிருந்து 28-க்கு ஓர் அம்புக்குறி போட்டாள். இனி அவள் அதை ஒப்பிக்க வேண்டியதில்லை.