தராசு அவளுடையது அல்ல

கேள்வி: ஐயா, நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கிறேன். அப்பா போனபிறகு அம்மா என்னோடுதான். அண்ணன் கோயம்புத்தூரில், மாதாமாதம் பணம் போடுவதோடு சரி. யார் எவ்வளவு செய்தோம் என்று ராத்திரியெல்லாம் மனசு கணக்குப் போடுகிறது. ஒரு நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடித்திருப்பவள் தெமிஸ் என்ற கிரேக்க தேவி என்றார் ஒரு வக்கீல். சின்னச் சிலை வாங்கிப் பூஜையறையில் வைத்துவிட்டேன். அவளைக் கும்பிட்டால் மனம் ஒரு நிலைக்கு வருமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாகக் கும்பிடுங்கள். ஆனால் உங்கள் பூஜையறைக்கு வந்திருப்பவள் பாதிதான் தெமிஸ்.

கண்கட்டு பிற்காலத்தது. 1494இல் பாசெல் நகரில் அச்சான 'மூடர்களின் கப்பல்' நூலில், ஒரு கோமாளி நீதிதேவியின் கண்ணைக் கட்டுவதுபோல் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. கேலிக்குப் போட்ட படம் அது. பிறகு அந்தக் கட்டே நடுநிலையின் அடையாளமாகிவிட்டது. 2024 அக்டோபரில் செய்தியான தில்லி உச்ச நீதிமன்றத்தின் புதுச் சிலையில் அந்தக் கட்டு இல்லை. தராசோடு நிற்கும் கோலமோ ரோமானிய தேவியர் வழி வந்தது.

அசல் தெமிஸ் பெர்லின் அருங்காட்சியகத்தில், கி.மு. 440–430 வாக்கில் வரைந்த ஒரு மதுக்கிண்ணத்தில் இருக்கிறாள். முக்காலிமேல் அமர்ந்திருக்கிறாள், தலையில் முக்காடு. ஒரு கையில் இலைக்கொப்பு, மறு கையில் தட்டையான கிண்ணம். தலை குனிந்து அந்தக் கிண்ணத்தையே பார்க்கிறாள். பிள்ளையில்லாத அரசன் ஏகியஸ் குறி கேட்க வந்து எதிரே நிற்கிறான். கண்ணில் கட்டும் இல்லை, கையில் தராசும் இல்லை.

அவள் பெயர் 'வைத்தல்' என்ற வினையின் வேரிலிருந்து பிறந்தது; வகுத்து வைக்கப்பட்டது என்று பொருள். தமிழில் அதற்கு 'முறை' என்ற சொல்லே போதும். நீதியும் முறைதான், வழக்கமும் முறைதான், உறவும் முறைதான். ஒருவர்பின் ஒருவராகச் செய்வதும் முறைதான்.

அவள் செய்யும் வேலையை ஹோமர் காட்டுகிறார். இலியடின் 20ஆம் பகுதியில், தேவராஜன் ஜீயஸ் சொல்ல, தேவர்களையெல்லாம் சபைக்கு அழைத்து வருபவள் அவள். ஒடிஸியில் கதாநாயகனின் மகன் டெலிமகஸ் ஊர்ச்சபையில் முறையிடும்போது, மனிதர்களின் சபையைக் கூட்டுபவளும் கலைப்பவளும் அவளே என்கிறான். ஆக, நிறுத்துப் பார்ப்பதல்ல, ஆட்களை ஓரிடத்தில் உட்காரவைப்பதே அவள் தொழில்.

ஹெசியட் கவிஞர் சொல்லும் அவளுடைய மகள்களில் மூவர்: ஒழுங்கு, நீதி, அமைதி. மூவரும் பருவங்களின் தேவியர். மழையும் வெயிலும் ஒவ்வொரு நாளையும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை, முறைவைத்து வருகின்றன. சமநிலை என்றால் கிரேக்கர்களுக்கு இதுவும்தான்.

அந்த ஹெசியடுக்கும் உங்கள் பிரச்சினைதான். சகோதரன் பெர்சஸ் பெரிய மனிதர்களுக்குக் கையூட்டுக் கொடுத்துச் சொத்தில் கூடுதலாக எடுத்துக்கொண்டான் என்பது அவருடைய ஆற்றாமை. அதை மனதுக்குள் புழுங்கவிடவில்லை அவர். சகோதரனை நேருக்கு நேர் விளித்து ஒரு நூலே பாடிவிட்டார். அந்த நூலில் அநீதிக்கு ஆளாகும், தெமிஸின் மகளான நீதிதேவிகூடச் சும்மா இருப்பதில்லை. தந்தை ஜீயஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்து முறையிடுகிறாள்.

நீங்கள் ராத்திரியில் இரு தரப்பு வாதத்தையும் நீங்களே பேசி, நீங்களே தட்டச்சு செய்து, தீர்ப்பும் எழுதுகிறீர்கள். எதிர்த்தரப்புக்கு இன்னும் சம்மனே போகவில்லை! ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச்சொல்லுங்கள். அம்மாவையும் உட்காரவையுங்கள். எந்த மாதம் யார் வீடு, ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது என்று முறை வகுத்து எழுதுங்கள். அண்ணன் மறுத்தால் அதை அவர் வாயாலேயே சொல்லட்டும். அவருக்காக நீங்கள் வாதாடும் வேலை மிச்சம்.

தெமிஸுக்கான பழைய ஆர்ஃபிக் துதிப்பாடல் அவளுக்குச் சாம்பிராணி போடச் சொல்கிறது. அன்றைக்குப் போட்டுவிட்டே பேச்சைத் தொடங்குங்கள். சபையைக் கலைப்பதும் அவள் வேலை என்றேனே, அதை மறக்காதீர்கள்: அண்ணன் பஸ் ஏறியபிறகு அந்த நோட்டை மறுபடி எடுக்கக் கூடாது.