அடுத்தவர் சண்டையில் மட்டும்

அன்புள்ள கயல்,

அறைத்தோழியோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதைப் பற்றி எழுதியிருந்தாய். "கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறேன், இந்தச் சண்டையைத் தீர்க்கத் தெரியவில்லையே சித்தப்பா" என்ற புலம்பல் வேறு! மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லையடி.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் இகோர் கிராஸ்மன் குழு, 2013இல் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டது. சில சச்சரவுகளை வாசிக்கக் கொடுத்து, இனி என்ன நடக்கும், ஏன் என்று கேட்டார்கள். விடை சரியா தவறா என்று பார்க்கவில்லை. எதிராளியின் நியாயத்தையும் யோசித்தாரா, தனக்குத் தெரியாதது இருக்கலாம் என ஒப்புக்கொண்டாரா, சமரசத்துக்கு வழி தேடினாரா என்றுதான் பார்த்தார்கள். அப்படி விவேகத்தோடு யோசித்தவர்களிடம் வாழ்க்கையில் திருப்தி கூடுதலாக இருந்தது. உறவுகள் நன்றாக இருந்தன. நடந்ததையே நினைத்து மருகுவது குறைவு. வெறும் புத்திக்கூர்மைக்கும் மனநிறைவுக்கும் தொடர்பே தென்படவில்லை.

பிறவியிலேயே நல்ல சுபாவக்காரர்கள்தானே இப்படி யோசிப்பார்கள் என்று கேட்பாய். சில குணங்களையும் பொருளாதார நிலையையும் கணக்கில் கொண்ட பிறகும் விவேகத்துக்கும் மனநிறைவுக்குமான தொடர்பு நீடித்தது. ஆனாலும் எது காரணம், எது விளைவு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நிம்மதியாக இருப்பவருக்கு நிதானமாக யோசிப்பதும் சுலபம் அல்லவா?

எனக்குப் பிடித்தது 2014இல் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வு. காதலில் இருப்பவர்களில் சிலரிடம், உங்கள் துணை துரோகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்; மற்றவர்களிடம், உங்கள் நண்பருக்கு அது நேர்ந்ததாக நினைக்கச் சொன்னார்கள். நண்பருக்காக யோசித்தவர்களிடம்தான் விவேகம் தெரிந்தது. இதற்கு 'சாலமோன் முரண்' என்று பெயர் வைத்தார்கள். பைபிளில் ஊருக்கெல்லாம் நீதி சொன்ன சாலமோன் ராஜா, 700 மனைவியரோடு சொந்த வீட்டில் கோட்டைவிட்டவர். நரை கூடினால் இது சரியாகிவிடும் என்றும் எண்ணாதே. முதியவர்களிடமும் இதே வேறுபாடு இருந்தது. தன் பிரச்சினையை வெளியாள்போல விலகி நின்று பார்க்கச் சொன்னபோதுதான் அது மறைந்தது. விவேகம் ஆளுக்கு ஆள் மாறுவது மட்டுமல்ல, ஒரே ஆளிடமும் நிற்கும் இடத்துக்கேற்ப மாறுகிறது.

ஆகவே இன்றிரவு நோட்டை எடுத்து, 'நான்' என்ற சொல்லே வராமல் நடந்ததை எழுதிப் பார். கயல் ஏன் கோபித்தாள்? அவள் எதை விசாரிக்காமலே முடிவுகட்டினாள்? தோழிக்கு அன்று என்ன தெரிந்திருக்கும்? எனக்கு அனுப்ப வேண்டாம். தவறு தோழியுடையதுதான் என்று முடிந்தாலும் பரவாயில்லை. அவளிடம் எதைக் கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துவிடும்.

அன்புடன்,
சித்தப்பா