"கோடுல இருக்கா?": அழுத்தக் கலங்கள் பற்றிய ஆறு நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் போனால் அரியமங்கலம், திருவெறும்பூர், துவாக்குடி வரை வெல்டிங் வெளிச்சம் கூடவே வரும். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் கட்டிய பொன்மலைப் பணிமனை இங்கேதான் இருக்கிறது. 1960-களில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்தபின், அதைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. இந்தப் பட்டறைகளில் எந்த வாக்குவாதத்தையும் முடித்துவைக்கும் கேள்வி ஒன்று உண்டு: "கோடுல இருக்கா?" கோடு என்பது வடிவமைப்பு விதித்தொகுப்பு. அது எதைச் சொல்கிறது, எதை நம்மிடம் விட்டுவிடுகிறது என்பதில் தவறான நம்பிக்கைகள் பல உலவுகின்றன. கலத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களின் உயிர் இதில் இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை 1: கோடில் உள்ளபடி செய்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை.

உண்மை: அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. அழுத்தக் கலங்களுக்கு வகுத்த கோடின் எட்டாம் பிரிவு, தான் ஒரு கைநூல் அல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது. படிப்பு, அனுபவம், பொறியாளரின் சொந்த முடிவு ஆகியவற்றின் இடத்தைத் தான் பிடிக்க முடியாது என்றும் சொல்கிறது. கரோஷன் அலவன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். துருவுக்காக எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது என்பதைக் கலத்தைப் பயன்படுத்தப் போகிறவர்தான் சொல்ல வேண்டும். உள்ளே அமிலம் போகுமா, காற்றுப் போகுமா என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் பழைய டிராயிங்கில் இருந்த எண்ணைப் புதியதில் எழுதிவிட்டால், அந்தப் பிழையைக் கோடு கண்டுபிடித்துத் தராது. 'ஷல்' என்று எழுதியிருந்தால் கட்டாயம், 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மே' என்றால் அனுமதி. இந்த மூன்றையும் ஒரே மாதிரி வாசிப்பவர் கோடை வாசிக்கவே இல்லை.

நம்பிக்கை 2: வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்காவிட்டால் அது கோடு மீறல்.

உண்மை: பல கலங்களுக்கு இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கோடே தருகிறது. அதற்கான விலையை மட்டும் பிளேட்டில் வாங்கிக்கொள்கிறது. 2 மீட்டர் உள்விட்டம், 10 பார் அழுத்தம், 138 மெகாபாஸ்கல் அனுமதித் தகைவு கொண்ட ஒரு ஷெல்லை, அதாவது கலத்தின் உருளைச் சுவரை, கணக்கிடுவோம். இருபுறமும் வெல்டிங் செய்த இணைப்பை முழுமையாக எக்ஸ்ரே எடுத்தால் இணைப்புத் திறன் 1. தேவையான தடிமன் ஏறத்தாழ 7.3 மி.மீ. ஆங்காங்கே மட்டும் எடுத்தால் 0.85, தடிமன் 8.6 மி.மீ. எடுக்கவே இல்லை என்றால் 0.70, தடிமன் 10.4 மி.மீ. வெல்டிங்கைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியுமோ, அவ்வளவு கூடுதல் எஃகு. ஆனால் உயிர்கொல்லும் நச்சுப்பொருள் வைக்கும் கலத்துக்கு இந்தப் பேரம் இல்லை. அங்கே முழு எக்ஸ்ரே கட்டாயம்.

நம்பிக்கை 3: சந்தேகம் வந்தால் தடிமனைக் கூட்டு. தடித்தால் பலம்.

உண்மை: தடித்த எஃகுக்குக் குளிரில் நொறுங்கும் போக்குக் கூடுதல். அதனால்தான் தடிமன் கூடக் கூட, கலம் தாங்கக்கூடிய குறைந்த வெப்பநிலையைக் கோடின் வரைபடங்கள் மேலே தள்ளுகின்றன. சாதாரணக் கார்பன் ஸ்டீலில் 38 மி.மீ.யைத் தாண்டினால் வெல்டிங்குக்குப் பின் வெப்பச் சிகிச்சையும் கட்டாயம்.

"திருச்சி வெயிலில் குளிர் ஏது?" என்று கேட்கலாம். சமையல் எரிவாயுக் கலத்தில் கசிவு ஏற்பட்டு அழுத்தம் சட்டென்று இறங்கினால், உள்ளிருக்கும் திரவம் கொதித்துத் தன்னையே குளிர்வித்துக்கொள்ளும். அதில் உள்ள புரொப்பேன் சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில். சித்திரை வெயிலில் நிற்கும் கலத்தின் சுவரும் அந்த நேரத்தில் உறைகுளிரைச் சந்திக்கலாம்.

நம்பிக்கை 4: உருளை என்றால் உருளைதான். எண்ணெய் டேங்க் கணக்கிலேயே தானியமும் சிமெண்டும் சேமிக்கும் சைலோவும் கட்டலாம்.

உண்மை: இதற்கு விடை ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. கோயிலுக்குள் வட்ட வடிவில் செங்கல்லால் எழுப்பிய நெற்களஞ்சியங்களைப் பாருங்கள். கொட்டாரம் என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றில் நெல்லுக்குப் பதில் தண்ணீரை நிரப்பினால் கதை வேறு. தண்ணீர் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 1 பார் என்று சளைக்காமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நெல் அப்படியல்ல. மணிகள் சுவரோடு உராய்ந்து எடையின் ஒரு பகுதியைச் சுவரிலேயே ஏற்றிவிடுவதால், ஓர் ஆழத்துக்குமேல் பக்கவாட்டு அழுத்தம் பெரிதாகக் கூடுவதில்லை. யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1895-இல் இதைக் கணக்காக எழுதினார்.

"அப்படியானால் டேங்க் கணக்குப் போட்டால் கூடுதல் பாதுகாப்புத்தானே?" என்று தோன்றும். ஆபத்தே அந்த நினைப்பில்தான். சுவர் ஏற்றுக்கொண்ட எடை அதை மேலிருந்து கீழாக நசுக்குகிறது. மெல்லிய எஃகுத் தகடு அந்த நசுக்கலில் மடங்கிவிடும். தானியத்தை ஒரு பக்கமாக இறக்கினால் இன்னும் மோசம். திரவ டேங்குக்கான ஏ.பி.ஐ. 650-இலோ ஐ.எஸ். 803-இலோ இதற்கு வழி இல்லை. எஃகுச் சைலோவுக்கு ஐ.எஸ். 9178 என்று தனி விதியே உண்டு. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்கோ டால்மியாபுரம் பக்கத்துச் சிமெண்ட் வேலைக்கோ சைலோ கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே ஓடுவது திரவமா, மணியா என்பதுதான்.

நம்பிக்கை 5: ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் சோதனை) பாஸ் ஆனால் ஆயுசு கெட்டி.

உண்மை: அந்தச் சோதனையைத் தவிர்ப்பது கொடிய தவறு. 1988 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வேறிடத்தில் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டிய பழைய டீசல் டேங்க் ஒன்று, முதன்முறையாக நிரப்பப்பட்டபோது செங்குத்தாகப் பிளந்தது. டீசல் ஆற்றில் கலந்து பல ஊர்களின் குடிநீரைக் கெடுத்தது. முழு உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி அதைச் சோதித்திருக்கவில்லை.

ஆனால் சோதனை அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். நாளைய துருவையும், அழுத்தம் ஏறி இறங்கி வரும் களைப்பையும் அது சொல்லாது. கோடின் எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். எட்டாம் பிரிவில் 1999 வரை, கலத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேலை அழுத்தத்தைப்போல் 1.5 மடங்காக இருந்த சோதனை அழுத்தம் பிறகு 1.3 மடங்கானது. பழைய கலத்தைப் புதுப் பதிப்பால் அளந்தால் கணக்குப் பிசகும்.

நம்பிக்கை 6: ஏ.எஸ்.எம்.இ. முத்திரை இருந்தால் வேறு அனுமதி வேண்டாம்.

உண்மை: முத்திரை வேறு, சட்டம் வேறு. 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தபின்தான் நம் நாட்டில் கொதிகலன் சட்டங்கள் பிறந்தன. நீராவி என்றால் கொதிகலன் ஒழுங்குமுறைகள், அழுத்தம் ஏற்றிய வாயு என்றால் 2016-ஆம் ஆண்டின் அழுத்தக் கலன் விதிகள் என்று இங்கே தனித்தனி வாசல்கள் உள்ளன. வெளிநாட்டு முத்திரை அந்த வாசல்களைத் திறந்துவிடாது.

ஒரு விதியின் பொருள் புரியாவிட்டால் ஏ.எஸ்.எம்.இ. குழுவுக்கே எழுதிக் கேட்கலாம். கேள்வியை 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வரும்படி அமைத்து அனுப்ப வேண்டும். உங்கள் டிசைன் சரியா என்று மட்டும் அவர்கள் பார்த்துச் சொல்லமாட்டார்கள். அது டிராயிங்கில் கையெழுத்துப் போடுகிறவரின் வேலை. துவாக்குடியில் இன்று ஒரு டிராயிங்கை விரித்து வைத்திருக்கும் இளைஞரிடம் நான் வேண்டுவது ஒன்றே. "கோடுல இருக்கா?" என்று கேட்பதற்கு முன், உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று கேளுங்கள்.