தாவர நிறமியும் குருத்தணுவும்

வெங்காயத் தோல், தேயிலை, சோயா, ஆரஞ்சு ஆகியவற்றில் ஃபிளேவனாய்டுகள் எனும் சேர்மங்கள் உள்ளன. மஞ்சளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் இது. 1936ஆம் ஆண்டில் அங்கேரி அறிஞர் சென்ட்-ஜியார்ஜி முதலானோர் இவற்றை ஒரு வைட்டமின் என்றே கருதினர். அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டது. இன்று இவை மனிதக் குருத்தணுக்களுக்கு என்ன செய்கின்றன என்பதே வினா.

எலும்பு மச்சையில் இருவகைக் குருத்தணுக்கள் வாழ்கின்றன. ஒருவகை எலும்பாகவும் கொழுப்பாகவும் மாறவல்லது. மற்றொன்று குருதியணுக்களை ஈன்று தருவது. சீன மருத்துவ மூலிகையொன்றில் கிடைக்கும் இக்காரீன், ஆய்வகத் தட்டில் முதல்வகையை எலும்பணுவாக மாறத் தூண்டுகிறது. இத்தகைய முடிவுகளைக் காட்டியே மாத்திரை விற்போர் நம்மை ஈர்க்கின்றனர்.

இரண்டாம் வகையின் கதை வேறு. நம் மரபிழை முறுக்கிக் கொள்ளும்போது டோப்போஐசோமரேஸ் எனும் நொதி, நூற்கண்டின் சிக்கலை எடுப்பார் போல, இழையை அறுத்து, மற்றோர் இழையை அதனூடே செலுத்தி, மீண்டும் ஒட்டிவிடும். சில ஃபிளேவனாய்டுகள் இந்நொதியை அறுத்த நிலையிலேயே பிடித்து நிறுத்துகின்றன. எட்டோபோசைடு எனும் புற்றுநோய் மருந்து செய்வதும் இதுவே! 2000ஆம் ஆண்டில் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலி முதலானோர், பச்சிளங் குழந்தைகள், வளர்ந்தோர் ஆகியோரின் குருதி முன்னோடி அணுக்களை ஆராய்ந்தனர். குவெர்செட்டின், ஜெனிஸ்டீன் போன்றவை அவற்றில் எம்.எல்.எல். எனும் மரபணுவை அறுத்தன. அதுவும் அம்மருந்துகள் அறுக்கும் அதே பகுதியில். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தப் புற்றில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் இம்மரபணுவே இடம்பெயர்ந்து காணப்படுகிறது. ஆயினும் சேர்மத்தை அகற்றியதும் அறுந்த இழை பெரும்பாலும் சீரடைந்தது என்பதையும் அவர்கள் பதிவு செய்தனர்.

அவ்வாறாயின் கருவுற்ற தாய் காய்கனிகளை அஞ்ச வேண்டுமா? வேண்டா என்பதே நம் துணிபு. உண்ட ஃபிளேவனாய்டைக் குடற்சுவரும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. குருதியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலுக்கும் குறைவு. ஆய்வகத் தட்டுகளிலோ அதனினும் பன்மடங்கு ஊற்றப்படுவதுண்டு. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றும், காய்கனி மிகுதியாக உண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் இந்நோய் குறைவாகவே இருந்ததைக் காட்டியது. ஆனால் எம்.எல்.எல். மாற்றமுடைய ஒருவகை இரத்தப் புற்றில் மட்டும், அந்நொதியைத் தடுக்கும் உணவுகளோடு தொடர்பு தென்பட்டது.

கவலை மாத்திரையைப் பற்றியது. 100 கிராம் வெங்காயத்தில் குவெர்செட்டின் சில பத்து மில்லிகிராம் அளவே. கடையில் விற்கும் ஒரு மாத்திரையிலோ 500 மில்லிகிராம். கருவிலுள்ள சிசுவின் குருதியணுக்களோ விரைந்து பிளவுறுபவை; அப்பருவத்தில் இந்நொதி ஓயாது இயங்குகிறது. எனவே மகப்பேற்றுக் காலத்தில் இம்மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது உட்கொள்ளுதல் தகாது.