ஏரி நடுவே ஓர் எரிமலை

நீரும் நெருப்பும் ஒன்றற்கொன்று பகை என்பது உலக வழக்கு. எரியும் பொருளை அவித்தற்கு நீரை நாடுவதே நம்மியல்பு. ஆதலின், எரிமலையொன்றை ஏரி சூழ்ந்திருக்குமாயின் அம்மலையின் வெம்மை தணிந்தேயிருக்கும் என எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. இதனைத் தெளிவுறக் காட்டுவது பிலிப்பைன் தீவுகளிலுள்ள தால் எரிமலையின் வரலாறு.

லூசோன் தீவிலே, மணிலா நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரத்தில், பத்தங்காசு மாகாணத்தில் தால் ஏரி அமைந்துள்ளது. இதன் பரப்பு ஏறக்குறைய 234 சதுர கிலோமீற்றர். இது மழைநீர் தேங்கிய வெறும் பள்ளமன்று. பண்டைக்காலத்தில் நிகழ்ந்த பெருங்குமுறல்களாற் பாறைக்குழம்பு வெளியேற, மேலிருந்த நிலம் ஆதாரமின்றி உள்ளே அமிழ்ந்தது. அவ்வாறு தோன்றிய பெருங்குழியே இன்று ஏரியாய் விளங்குகின்றது. ஏரியின் நடுவே ஐந்து கிலோமீற்றர் அளவு அகலமுள்ள எரிமலைத் தீவு எழுந்து நிற்கின்றது. அதன் உச்சி 311 மீற்றர் உயரமே. அத்தீவின் வாயிலும் ஒரு சிற்றேரி உண்டு. உருவிற் சிறிய இம்மலையை, உலகில் மிகக் கவனமாக ஆராயப்பட வேண்டிய எரிமலைகளுள் ஒன்றாக அறிஞர் வகுத்துள்ளனர்.

அதற்குக் காரணம் யாது? நீரே காரணம். நீர் கொதித்து ஆவியாகுங்கால், திறந்த வெளியில் அதன் கனவளவு ஏறத்தாழ 1,700 மடங்காகப் பெருகும். நிலத்தின் கீழிருந்து எழும் பாறைக்குழம்பு ஏரிநீரையும் நீர் ஊறிய பாறைகளையும் தீண்டும்போது, நொடிப்பொழுதில் எழும் நீராவி வெளியேற வழி காணாது பாறையைச் சுக்குநூறாக்கி வெடிக்கின்றது. நீர் இல்லாதவிடத்து அமைதியாக வழிந்தோடக்கூடிய குழம்பும் இங்கே சாம்பலும் சேறுமாய்ச் சீறி எழுகின்றது.

எழுத்திற் பதிவான குமுறல்களுள் மிகப் பெரியது 1754ஆம் ஆண்டு நிகழ்ந்தது. மே மாதத்தில் தொடங்கிய குமுறல் டிசெம்பர் வரை விட்டுவிட்டு நீடித்தது. கரையோர ஊர்களாகிய தால், லிப்பா, தனவான், சாலா ஆகியன பாழாயின. தாலும் லிப்பாவும் தனவானும் பின்னர் வேறிடங்களில் அமைக்கப்பட்டன. அதுமட்டுமன்று; ஏரியைப் பலயான் குடாவோடு இணைத்த பன்சிப்பித்து ஆற்றின் வாயை எரிமலைப்பொருள் தூர்த்துவிட்டது. கடலோடு தாராளமாகத் தொடர்பு கொண்டிருந்த ஏரி, அதன்பின் மழையாலும் ஓடைகளாலும் சிறிது சிறிதாக உவர் நீங்கி நன்னீராயிற்று.

இவ்விடத்தில் இயற்கையின் விந்தையொன்றைக் காண்கின்றோம். நம் கடலிற் சூடை, சாளை எனப் பெயர் பெறும் மீன்களின் இனத்தைச் சேர்ந்த தாவிலிசு என்னும் சிறுமீன், இவ்வேரியின் நன்னீரிலேயே பிறந்து வளர்ந்து இனம்பெருக்குகின்றது. அவ்வினத்து மீன்களுள் முற்றும் நன்னீரில் வாழ்வது இஃதொன்றே. உலகில் வேறெவ்விடத்தும் இயற்கையாக இது காணப்படுவதில்லை. கடற்பாம்புக் குலத்துப் பாம்பொன்றும் இவ்வேரிக்கே உரியது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே பன்சிப்பித்து ஆற்றின் வழியாகப் பாரைமீன்கள் வந்து செல்வதுண்டு. ஒருகாலத்தில் இங்கு வாழ்ந்த சுறாக்களோ மனிதரால் வேட்டையாடப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அற்றுப்போயின.

மீன் தந்த ஏரியும், சாம்பலால் வளம்பெற்ற மண்ணும் மக்களை மீண்டும் மீண்டும் அழைத்தன. எரிமலைத் தீவிலேயே குடியிருப்புகள் பெருகின. 1911 சனவரி 27ஆம் நாளிரவு மணிலா வானிலை ஆய்வுநிலையத்தின் நிலநடுக்கக் கருவிகள் இடைவிடாத அதிர்வுகளைக் குறிக்கத் தொடங்கின. 30ஆம் நாள் விடியுமுன் மலை வெடித்தது. 1,335 பேர் மாண்டனர் என அரசாங்கக் கணக்குக் கூறும். தீவிலிருந்த ஊர்கள் துடைத்தழிக்கப்பட்டன. கருவி அறிந்ததைத் தீவின் குடிசைக்கு எடுத்துச் சென்று, குடிகளை வேளையோடு கரைசேர்க்கும் ஏற்பாடு அக்காலத்தில் இருக்கவில்லை.

காலம் சென்றது, மக்கள் மறுபடியும் தீவுக்குத் திரும்பினர். 1911இற் பத்து வயதுச் சிறுவனாய் அக்கொடுமையைக் கண்டு உயிர்தப்பியவன், அடுத்த பேரழிவின்போது அறுபத்துநான்கு வயதுக் கிழவனாயிருப்பான். அவனொத்தோர் சிலரின் நினைவை விடுத்தால், ஏனையோர்க்கு மலை வெறும் மலையாகவே தோன்றியிருக்கும். 1965 செப்டெம்பர் 28ஆம் நாள், மீண்டும் இருளிலேயே, குமுறல் நிகழ்ந்தது. இறந்தோர் ஏறத்தாழ 200 பேர். படகேறித் தப்ப முயன்றோருட் பலர் படகு கவிழ்ந்து ஏரியில் மூழ்கினர்.

அக்குமுறல் அறிவியலுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. வெடிப்பின் அடியிலிருந்து சாம்பலும் நீராவியும் கலந்த வளையமொன்று நீர்மட்டத்தை ஒட்டி நாற்புறமும் புயல்போல் விரைந்து, ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் வரை சென்றது. அண்மையிலிருந்த மரங்கள் அடியோடு அழிந்தன. சேய்மையில் நின்றவற்றிலோ எரிமலையை நோக்கிய பக்கம் மட்டும் தேய்ந்து சேறு படிந்திருந்தது. 1946இற் பிக்கினித் தீவருகே நீரினடியில் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டபோது காணப்பட்ட அலையை இஃது ஒத்தது. எரிமலைகளிலும் இத்தகைய அடியலை எழும் என்பதை அறிஞர் தெளிந்துகொண்டது தாலிலேயாம். ஏரி ஒருபோதும் காப்பு அரணாகாது என்பதும் அன்று ஐயமற விளங்கிற்று.

2020 சனவரி 12ஆம் நாள் மலை மீண்டும் விழித்தது. சாம்பல் மணிலா வரை பரந்தது, விமானநிலையம் மூடப்பட்டது, எரிமலைவாயிலிருந்த சிற்றேரி வற்றிப்போய்ப் பின்னரே மீண்டும் நிரம்பிற்று. தீவில் அப்பொழுதும் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். கண்காணிப்போர் எச்சரித்தவுடன் அவர்கள் அகற்றப்பட்டமையால், 1911இன் பேரிழப்பு மீளவில்லை. கைவிடப்பட்ட குதிரைகளும் கால்நடைகளுமே பெருந்தொகையாய் மாண்டன. அதன்பின் 2021இலும் 2022இலும் மலை குமுறியது.

ஏரிக்கோ வேறொரு கேடும் நேர்ந்துள்ளது. வெளியிலிருந்து கொணர்ந்த திலாப்பியா முதலிய மீன்களை வலைக்கூடுகளில் நெருக்கமாக வளர்த்தலால், எஞ்சிய தீனியும் கழிவும் அடியிற் படிந்து அழுகி நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கின்றன. பருவம் மாறுங்கால் அடிநீர் மேலெழும்போது மீன்கள் மூச்சுத்திணறி இறக்கின்றன. 2011 மே மாத இறுதியிற் பல நூறு தொன் மீன்கள் இவ்வாறு செத்து மிதந்தன. அளவின்றிப் பிடித்தலாலும் நீர் மாசுறுதலாலும் அருகிய தாவிலிசு, 2019இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரால் அழிவை எதிர்நோக்கும் உயிர்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. எரிமலையின் சீற்றங்களுக்குத் தப்பிப்பிழைத்த ஒரு சிறுமீன், மனிதனுடைய வலைக்குத் தப்புதல் அரிதாயிற்று.

தாலின் வரலாற்றை வெறும் அழிவின் கதையாகக் கொள்ளலாகாது. மலை என்றோ ஒருநாள் குமுறும்; அதனைத் தடுக்க எவராலும் இயலாது. ஆயினும் அதன் அதிர்வை அளந்தறிதல், அறிந்ததை மறவாதிருத்தல், அஃது உறங்கும் காலத்தில் ஏரியின் வளத்தை அளவோடு துய்த்தல் என்னும் மூன்றும் நம்மால் இயல்வனவே. 1911இற் கருவி இருந்தது, செய்தி சென்றடையவில்லை. 2020இற் செய்தி சென்றது, உயிர்கள் எஞ்சின. கற்றதனால் ஆய பயன், கல்லாதார் குடிசைக்கும் உரிய வேளையிற் சென்றெட்டல் வேண்டும் என்பதை, கல்விக்கழகத்தில் வளரும் மாணவர்க்கு இவ்வேரி உணர்த்தி நிற்கின்றது.