தேய்ந்த காசும் தேய்த்த காசும்

கேள்வி: என் கணவர் என்.எல்.சி.யில் ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சாமான்களை ஒழித்தபோது, மாமியாரின் பூஜைப் பெட்டியில் ஐந்து வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. நான்கில் ராணி தலை மங்கலாகத் தெரிகிறது. ஒன்று வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. நகைக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா? தரம் பார்ப்பது எப்படி?
- வாசகி, நெய்வேலி நகரியம்

பதில்: இப்போதே கொடுத்துவிடாதீர்கள், அம்மா. உருக்கிவிட்டால் திரும்ப வராது.

முதலில் எந்தக் காசு என்று பாருங்கள். பின்பக்கத்தில் இலைவளையமும் சுற்றிலும் கம்பெனியின் பெயரும் இருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய். விக்டோரியா தலை போட்ட கம்பெனி ரூபாய் எல்லாவற்றிலும் 1840 என்றுதான் இருக்கும். அதனால் ஆண்டு தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. ராணி கிரீடம் அணிந்திருந்தால் 1862 அல்லது அதற்குப் பிந்தியது. பெயரை அடுத்து ‘குயின்’ என்றிருந்தால் 1876 வரை, ‘எம்ப்ரஸ்’ என்றிருந்தால் 1877 முதல். இரண்டு எழுத்து தெரிந்தாலே காலம் பிடிபட்டுவிடும்.

அடுத்தது தரம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காசின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, காசை மெல்லச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பும். இந்த அளவு தேய்ந்த காசில் முகத்தைவிட விளிம்பையும் எழுத்துகளையும்தான் நம்ப வேண்டும். கன்னமும் கிரீடமும் மேடான இடங்கள், அவைதான் முதலில் போகும்.

உலகெங்கும் நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை எண் கொடுக்கிறார்கள். எந்த வகைக் காசு என்று மட்டும் தெரிந்தால் 1. விளிம்பு தேய்ந்து எழுத்துகளின் தலையைத் தின்றிருந்தால் 3. உருவம் வெறும் கோடாக இருந்தாலும் எழுத்துகள் முழுதாகத் தெரிந்தால் 4. இதற்குப் பெயர் ‘குட்’. பெயரைக் கேட்டு நல்ல நிலை என்று எண்ணிவிடாதீர்கள், அது அடித்தட்டுத் தரம். தலைமுடியின் வரிகள் கொஞ்சமாவது தெரிந்தால்தான் 8, 12 என்று ஏறும்.

எடையும் பாருங்கள். புது ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, 2 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்த ரூபாய் அந்தக் காலத்தில் செல்லாததாக இருந்தது. அதாவது சுமார் 11.43 கிராம். உங்கள் வழுவழுக் காசு அதற்கும் கீழே இறங்கியிருக்கக்கூடும். போலியோ என்று சந்தேகம் வந்தால், டிஜிட்டல் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுக்குங்கள். 11.2 கிராம் காசு என்றால் தராசு சுமார் 1.08 காட்ட வேண்டும்.

இனி முக்கியமானது. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் குழிகளும் எழுத்து இடுக்குகளும் கருத்திருக்கும், பரப்பு மிருதுவாக இருக்கும். விபூதியும் புளியும் போட்டுத் தேய்த்த காசில் அந்தக் கருப்பு போயிருக்கும். லென்ஸில் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும். தேய்ந்ததை வாங்குபவர் ஏற்றுக்கொள்வார், தேய்த்ததற்கு விலையைக் குறைப்பார். எனவே இனி துலக்கவே வேண்டாம். ரப்பர் பேண்டும் போடாதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும்.

விலையைப் பொறுத்தவரை, சாதாரண ஆண்டுக் காசு இந்தத் தரத்தில் வெள்ளி விலையைச் சற்றே தாண்டும். அரிய ஆண்டாக இருந்தால் தேய்ந்திருந்தாலும் மதிப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யுங்கள். தரச் சான்றுக்காக வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது.

கேள்வி: பாட்டியின் காசுமாலையில் இருந்த வெள்ளி ரூபாயில் வளையம் பற்றவைத்திருக்கிறது. எடுத்துவிட்டால் தரம் கூடுமா?
- வாசகர், மந்தாரக்குப்பம்

பதில்: கூடாது. எடுத்தாலும் பற்றவைத்த தடம் விளிம்பில் நிற்கும். அதை அரத்தால் ராவினால் இன்னொரு சேதம். நாணயச் சந்தையில் அது பழுதுபட்ட காசுதான். ஆனால் வளையத்தோடு இருக்கும்வரை அது உங்கள் பாட்டி அணிந்த நகை. அப்படியே விடுங்கள்.